டீசல் குடித்த மண்ணை மீட்க முடியுமா?



தரையில் எண்ணெய் சிந்தினால் நாம் என்ன செய்வோம்? இரண்டு கை மண்ணை அள்ளி மேலே போடுவோம். மெக்கானிக் கடையிலும் அப்படித்தான், லாரி ஷெட்டிலும் அப்படித்தான். மண் எண்ணெயைக் குடித்துவிடும், தரை காய்ந்துவிடும், வேலை முடிந்தது. ஆனால் எண்ணெய் குடித்த அந்த மண்ணை என்ன செய்வது? ஹைட்ரோகார்பன்கள் பாடம் நடத்தும்போது எங்கள் வேதியியல் சார் இந்தக் கேள்வியைக் கேட்டார். வகுப்பில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "போய்த் தேடிப் படிச்சுட்டு வந்து சுவரிதழ்ல எழுது" என்று என்னிடம் சொல்லிவிட்டார். தேடிப் படித்ததும், தாவரவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பத்து வாரம் நாங்களே செய்து பார்த்ததும் இதில் இருக்கிறது.

முதலில் மண்ணுக்குள் போன எண்ணெய் என்ன ஆகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் இலேசானது. அதன் மூலக்கூறுகளில் 4 முதல் 12 கார்பன் அணுக்கள் இருக்கும். பாதிக்கு மேல் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். டீசலின் மூலக்கூறுகள் நீளமானவை, பத்து முதல் இருபதுக்கும் மேற்பட்ட கார்பன்கள் கொண்டவை. அது லேசில் ஆவியாகாது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். அளவு அதிகமானால் கீழே கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தொடும். தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் மிதக்குமே, அதுபோல நீர்மட்டத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும். (பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பார்க்கவும். கறுப்பு எண்ணெய், நீலம் தண்ணீர்.)

மிதப்பதோடு நின்றால் பரவாயில்லை. எண்ணெயில் உள்ள பென்சீன், டொலுவீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். கரைந்தது தண்ணீர் போகும் திசையில் போகும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது ஒரே ஒரு கிராம் பென்சீன் 1 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். டீசலைவிட பெட்ரோலில்தான் இது அதிகம். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் பூமிக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. மேலே தெருவில் நடந்து போகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பம்பு போட்டால்தான் தெரியும்.

சரி, மண்ணைத் தோண்டி எடுத்து வேறு எங்கேயாவது கொட்டிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அது நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவது மாதிரி. எண்ணெய் இடம் மாறியதே தவிர அழியவில்லை. அழிய வேண்டுமானால் அந்தக் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் எல்லாம் தண்ணீராகவும் மாற வேண்டும். எரித்தால் நடப்பதும் அதுவேதான். தீ வைக்காமல், மண் இருந்த இடத்திலேயே, மெதுவாக எரிப்பது எப்படி? இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வேதிமுறை, மற்றொன்று உயிரிமுறை.

வேதிமுறையில் பெயர் பெற்றது ஃபென்டன் கரைசல். இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-இல் இதைப் பற்றி எழுதினார். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் இரும்பு உப்பு சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்பதுதான் அவர் கண்டது. இரும்பு உப்பு என்றால் வேறொன்றும் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கொடுப்பார்களே, அதுதான். இரும்பு அயனி பெராக்சைடு மூலக்கூறை உடைக்கிறது. உடையும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற ஒன்று பிறக்கிறது. அதற்கு ஆயுள் சில நானோ நொடிதான். ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு! அந்த நேரத்துக்குள் பக்கத்தில் எந்தக் கரிம மூலக்கூறு இருக்கிறதோ அதைப் பிடித்துக் கடித்துவிடும். பென்சீன் வளையத்தையே உடைக்கும்.

கேட்பதற்கு இதைவிட நல்ல வழி உண்டா என்று தோன்றும். ஆனால் இதில் சிக்கல்கள் உண்டு. எது பக்கத்தில் இருக்கிறதோ அதைக் கடிக்கும் என்றேன் அல்லவா? அதற்கு டீசல் எது, மக்கிய இலை எது என்ற பேதம் தெரியாது. நல்ல தோட்டத்து மண்ணாக இருந்தால் பாதி மருந்தை மக்குப் பொருளே தின்றுவிடும். அமிலத்தன்மை உள்ள மண்ணில்தான் நன்றாக வேலை செய்யும். சூடு கிளம்பும், ஆக்சிஜன் வாயு பொங்கும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே தம்பி தங்கைகளே, இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்க் கிணறுகளில் போடும் அதே ஊதா நிறப் பொருள்தான். ஆனால் அது பென்சீனை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. வேறு சில வேதிப்பொருள்களுக்குத்தான் சரியான மருந்து. ஆளுக்கேற்ற மருந்து என்பது மண்ணுக்கும் பொருந்துகிறது.

இப்போது உயிரிமுறை. எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் எண்ணெயையே சாப்பாடாகக் கொள்ளும் வகைகள் உண்டு. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் ஆகியவை அவற்றில் சில. நாம் யாரும் கொண்டுவந்து விடவில்லை. பூமிக்குள்ளிருந்து எண்ணெய் இயற்கையாகவே கசிந்து வருவது பல கோடி ஆண்டுகளாக நடக்கிறது. அதைத் தின்னக் கற்றுக்கொண்டவை இவை. சில வகைகள் சோப்பு போன்ற ஒரு பொருளைத் தாமே சுரந்து, எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்துக்கொண்டு பிறகு சாப்பிடும். நாம் எண்ணெய்ச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதை அவை நமக்கு முன்பே செய்துவிட்டன.

சாப்பிடும் விதமும் நம் பாடத்தில் உள்ளதுதான். நீளமான ஆல்கேன் மூலக்கூறின் ஒரு நுனியில் ஒரு நொதி ஆக்சிஜன் அணுவைச் செருகுகிறது. அது ஆல்கஹாலாகிறது. ஆல்கஹால் ஆல்டிஹைடாகிறது. ஆல்டிஹைடு கொழுப்பு அமிலமாகிறது. கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகி, நேராகக் கிரெப் சுழற்சிக்குள் போகிறது! வேதியியலில் படித்த வரிசையும் உயிரியலில் படித்த சுழற்சியும் ஒரு துளி டீசலில் வந்து சேர்கின்றன. இதைத் தாவரவியல் டீச்சர் பலகையில் வரைந்து காட்டியபோது நாங்கள் கைதட்டிவிட்டோம். இட்லி சாப்பிட்ட நம் உடம்பும் கடைசியில் இதே சுழற்சியைத்தான் சுற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எண்ணெயின் பல பகுதிகளைச் சிதைக்கும் திறன்களை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் சேர்த்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் தரலாம் என்று தீர்ப்பானது. உலகப் புகழ் பெற்ற வழக்கு. அவர் 2020-இல் காலமானார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாக்டீரியா நிஜமான எண்ணெய்க் கசிவு எதிலும் இறக்கிவிடப்படவில்லை. நம் நாட்டில் டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' வேறு வகை. இயற்கையில் கிடைத்த பாக்டீரியா வகைகளைச் சேர்த்து, மக்காச்சோளக் கட்டைத் தூளில் ஏற்றி வைத்திருப்பார்கள். உறை மோர் மாதிரி எடுத்துப் போய் மண்ணில் கலக்க வேண்டியதுதான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் கசடை இதை வைத்துச் சிதைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் சிந்திய எண்ணெய் எல்லாம் தானாகவே ஏன் மறைந்துவிடுவதில்லை? சாப்பாடு மட்டும் இருந்தால் போதாது, மூச்சு விட வேண்டுமே! இங்கேதான் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் டீசல் முழுதும் சிதைய ஏறத்தாழ மூன்றரை கிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். ஆகவே அதற்கு ஏறத்தாழ 2.9 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம்தான். அந்த ஆக்சிஜனைத் தண்ணீர் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 30 லோடு! அதுவே காற்றாக இருந்தால் ஏறத்தாழ 11,000 லிட்டர் போதும். நம் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி. அந்த அறைக்குள் இருக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குதான் அது.

மண்ணைக் கிளறு, கிளறு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்குக்குப் பிறகுதான் விளங்கியது. தண்ணீர் தேங்கிய மண்ணில், காற்றுப் புகாத ஆழத்தில், எண்ணெய் அப்படியே கிடக்கும். ஆக்சிஜன் இல்லாமலும் நைட்ரேட், சல்பேட் போன்றவற்றை வைத்துச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவை ஆமை வேகம்.

அடுத்தது சத்து. எண்ணெயில் கார்பன் இருக்கிறது, நைட்ரஜனும் பாஸ்பரசும் இல்லை. வெறும் சோற்றை மட்டும் போட்டால் பிள்ளை வளருமா? கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விகிதம். அதன்படி ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 150 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட் வருகிறது. ஒரேயடியாகக் கொட்டினால் பாக்டீரியாவுக்கே ஆகாது, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். ஈரம் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர வேண்டும். அமிலமும் காரமும் அதிகம் இல்லாமல் நடுத்தரமாக இருக்க வேண்டும்.

இது நடக்கிற காரியம்தானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஹனஹான் என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு ராணுவ எரிபொருள் கிடங்கில் 1975-இல் சுமார் 80,000 காலன், அதாவது 3 லட்சம் லிட்டர் விமான எரிபொருள் கசிந்தது. உடனே அள்ளி எடுத்தார்கள். எடுக்க முடியாமல் மணற்பாங்கான மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். அதிலிருந்து பென்சீன் முதலியவை நிலத்தடி நீரில் கரைந்து நகர ஆரம்பித்து, 1985-க்குள் பக்கத்துக் குடியிருப்பை எட்டிவிட்டன. பத்து வருஷம்! அந்த நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையினர் மண்ணை எடுத்து ஆராய்ந்தபோது, அங்கே இருந்த நுண்ணுயிர்களே நச்சுப் பொருளைத் தின்றுகொண்டிருப்பது தெரிந்தது. சத்துப் பொருள் கொடுத்தால் அந்த வேகம் பல மடங்காகும் என்றும் தெரிந்தது. 1992-இல் சத்துக் கலந்த தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்னொரு பக்கம் கிணறு வெட்டி அழுக்குத் தண்ணீரை வெளியே இழுத்தார்கள். 1993 கடைசியில் குடியிருப்புப் பகுதியில் மாசு 75 சதவீதம் குறைந்திருந்தது. வெளியிலிருந்து எந்தப் புதுக் கிருமியும் கொண்டுவரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படி ஜெயித்துவிடவில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, ஒரு கோடி காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரையைச் சுடுதண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். அதில் எண்ணெயோடு சேர்ந்து கரையில் வாழ்ந்த சிறு உயிர்களும் செத்தன. சில கரைகளில் உரம் தெளித்தார்கள், மேலே இருந்த எண்ணெய் வேகமாகக் குறைந்தது. ஆனால் கூழாங்கற்களுக்கு அடியில், காற்று போகாத இடத்தில் புதைந்த எண்ணெய் இருபது ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் அங்கேயே இருந்தது. மறுபடியும் அதே ஆக்சிஜன் கணக்குதான்.

இந்த இரண்டு முறைகளில் எது உசத்தி என்று எங்கள் வகுப்பில் பட்டிமன்றமே நடந்தது. என் கட்சி: இரண்டும் வேண்டும், வரிசை முக்கியம். எண்ணெய் சொட்டச் சொட்ட ஊறிய மண்ணில் பாக்டீரியாவே திணறும். அங்கே முதலில் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு வேதிப்பொருள் கொடுத்து அளவைக் குறைக்க வேண்டும். வேதிப்பொருள் பட்ட இடத்தில் நுண்ணுயிர்கள் சாகத்தான் செய்யும். ஆனால் சுற்றுப்புற மண்ணிலிருந்து மறுபடி வந்து சேர்ந்துவிடும். பெராக்சைடு சிதைந்து வெளிவிட்ட ஆக்சிஜன் அவற்றுக்கே மூச்சாகவும் பயன்படும். பாதி உடைந்த மூலக்கூறுகளைத் தின்பதும் அவற்றுக்குச் சுலபம்.

சரி, இவ்வளவும் நமக்கு எதற்கு? நம் பள்ளி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு மண் கறுத்துக் கிடக்கிறது. கோரை கூட முளைக்காது. பல வருஷமாக டீசல் ஊற்றும்போது சிந்தியதுதான் காரணம். அங்கிருந்து பதினாறு தப்படி தள்ளி அடிபம்பு. அந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சிமென்ட் பூசினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், மழைத் தண்ணீர் எண்ணெயைக் கீழே தள்ளுவதும் குறையும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றும் நின்றுவிடுமே! அலாஸ்காவில் கூழாங்கல்லுக்கு அடியில் நடந்தது இங்கே சிமென்டுக்கு அடியில் நடக்கும்.

அதனால்தான் நாங்கள் தேசிய பசுமைப் படை மூலம் மூன்று தட்டில் சோதனை செய்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ தோட்டத்து மண், 20 மில்லி டீசல். முதல் தட்டைச் சும்மா விட்டுவிட்டோம். இரண்டாவதில் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் பிரித்துப் பிரித்துப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் இரண்டு தடவை கிளறினோம். மூன்றாவதிலும் எல்லாம் அதே மாதிரிதான், ஒன்று மட்டும் வித்தியாசம்: டீசல் ஊற்றுவதற்கு முன் அந்த மண்ணை குக்கரில் மூன்று நாள் தொடர்ந்து அவித்து, உயிர்களைக் கொன்றுவிட்டோம். மேலே துணி கட்டி வைத்தோம். இந்த மூன்றாவது தட்டு எதற்கு என்றால், கிளறும்போது டீசல் ஆவியாகியும் போகும் அல்லவா? அதைத் தனியாகத் தெரிந்துகொள்ளத்தான்.

பத்தாவது வாரம் பார்த்தோம். முதல் தட்டில் வாடை அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் குறைந்திருந்தது, அது ஆவியானது. இரண்டாவதில் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிந்தது. சொட்டு நீர் விட்டுப் பார்த்தோம். முதல் தட்டு மண்ணில் தாமரை இலை மாதிரி முத்தாக நின்றது, இரண்டாவதில் உள்ளே இறங்கியது. பச்சைப்பயறு போட்டதில் இரண்டாவது தட்டில்தான் பெரும்பாலும் முளைத்தது. இலை மஞ்சளாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாவதில் பாதிக்கு மேல் ஊறி அழுகிவிட்டன. வாடை போனதால் டீசல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, எவ்வளவு மிச்சம் என்பதை ஆய்வகக் கருவிதான் சொல்லும் என்று சார் சொன்னார்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் நாங்கள் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். ஜெனரேட்டருக்கு அடியில் தகரத் தட்டு ஒன்று வைக்க வேண்டும், இனிமேல் சிந்துவது மண்ணில் விழக் கூடாது. கறுத்த மண்ணை ஒரு முழ ஆழம் எடுத்து, அடிபம்பிலிருந்து எதிர்ப்பக்கம், தார்ப்பாய் மேல் அரையடி உயரத்துக்குப் பரப்ப வேண்டும். மழை வந்தால் மூட இன்னொரு தார்ப்பாய். பெராக்சைடு வேண்டாம், நம் மண்ணில் உள்ள அளவுக்கு அது தேவையில்லை, ஆபத்தும்கூட. அடிபம்புத் தண்ணீரை எண்ணெய் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை குடிக்க அந்தத் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம், கை கால் கழுவக்கூட வேறு குழாய் இருக்கிறது. சிமென்ட் போடுவதானால் மண்ணை எடுத்த பிறகு போடட்டும்.

அனுமதி கிடைத்ததும் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை மணி அடித்த பிறகு மண் கிளறும் வேலை இருக்கும். மண்வெட்டி நான்குதான் உள்ளது, வீட்டில் இருந்தால் எடுத்து வரவும். கையுறை கட்டாயம். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள் தண்ணீர் தெளிக்கவும் குறிப்பு எழுதவும் வரலாம். பெயர் கொடுக்க வேண்டிய இடம் தாவரவியல் ஆய்வகம்.

— பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி